அசையாதே பாய்

தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே வசிக்கிற ஜனங்களைப் பத்து நிமிடம் ஒரே இடத்தில் சும்மா நிற்க வைக்கக்கூடியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் போக்குவரத்துக் காவலர் அல்ல. காவலர் கை காட்டினால் நாம் மூன்று விநாடி நிற்போம். நான்காவது விநாடியில் வண்டியை பிளாட்பாரத்தில் ஏற்றியிருப்போம். ரயில்வே கேட்டும் அல்ல. அதற்கு அடியில் குனிந்து போகும் வித்தையை எங்கள் பக்கத்துக் குழந்தைகள் தவழும் பருவத்திலேயே கற்றுக்கொண்டு விடுகின்றன. அந்த ஒருவர், அஸ்தினாபுரத்தில் மாவு மில்லுக்கு மேல் மாடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அசையாதே பாய்.

அவருடைய நிஜப் பெயர் கடைப் பலகையில் இருக்கிறது. கீழேயிருந்து எழும்பும் கோதுமை மாவு அதன் மேல் அடுக்கடுக்காகப் படிந்துவிட்டதால் அதை வாசித்தவர் யாரும் இப்போது எங்கள் ஏரியாவில் இல்லை. அவர் வாயிலிருந்து அதிகமாக வருகிற வார்த்தை எதுவோ அதுவே பெயராக நின்றுவிட்டது. அந்த நியாயப்படி பார்த்தால் என் பெயர் ‘நாளைக்கு’ என்று இருக்க வேண்டும்.

மற்ற போட்டோக்காரர்கள் ஒரு மனிதரை ஒரே கிளிக்கில் எடுத்துவிடுவார்கள். பாய் ஒரு மனிதரை ஐம்பது அறுபது துண்டுகளாக எடுப்பார். முகம் ஒரு படம். இடது தோள் ஒரு படம். முழங்கை, பாக்கெட்டில் துருத்திய பேனா, செருப்பு, செருப்புக்குப் பக்கத்தில் கிடக்கும் தண்ணீர் பாக்கெட் உறை என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் படம். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி ஒரே படமாக்குவார். எதற்கு இந்தப் பாடு என்று முதல் தடவை நானும் கேட்டேன்.

“இது கிட்டக்கப் பாக்குற லென்ஸு சார். இத்த வெச்சி எடுத்தா பின்னாடி கீறதெல்லாம் வெண்ணெ மாதிரி கரைஞ்சி பூடும். ஆனா மூஞ்சி மட்டும்தான் வரும், ஆளு வராது. தள்ளிப் போய் எடுத்தா ஆளு வரும், கரையறது வராது. எனக்கு ரெண்டும் வோணும்.”

ரெண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர்கள் சரித்திரத்தில் பெரும்பாலும் தெருவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். பாய் மட்டும் அதைச் சாதித்துவிட்டார். அவர் படத்தில் மனிதர் இமை முடியை எண்ணும்படி துல்லியமாக நிற்பார். அவருக்குப் பின்னால் மின்கம்பம், கேபிள் ஒயர், குப்பைத் தொட்டி, சுவரெழுத்து எல்லாம் உருகி இதமான வண்ணங்களாக வழிந்திருக்கும். எங்கள் மெயின் ரோடு குடியிருக்கத் தகுந்த இடம் போலத் தோற்றமளித்ததை நான் பாய் எடுத்த படங்களில் மட்டுமே கண்டிருக்கிறேன்.

இதில் நிபந்தனை ஒன்றுதான். முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை யாரும், எதுவும் அசையக் கூடாது. யாரும் என்றால் வாடிக்கையாளர். எதுவும் என்றால் பிரபஞ்சம். கீழே மில் ஓடினால் மாடியே அதிரும். ஆகவே ஸ்டுடியோவில் படமெடுக்கும்போதெல்லாம் பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “அண்ணே, ஆஃப் பண்ணு” என்பார். மில்காரரும் நிறுத்துவார். அரைத்த மாவு பாதி, அரைக்காத கோதுமை பாதியாக நாங்கள் வரிசையில் நின்று, மேலே யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் மூக்குத்தி எடுக்கப்பட்டு முடிவதற்காகக் காத்திருப்போம். யாரும் சண்டை போட்டதில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் ஒருநாள் மூக்குத்தி உண்டே.

பாஸ்போர்ட் சைஸ் படம் என்று போனாலும் பாய் மனம் இறங்க மாட்டார். “சின்னப் படம்தானே, பன்னெண்டோட முடிச்சிக்கறேன்” என்பார். எனக்கும் அப்படி ஒன்று எடுத்துக் கொடுத்தார். என் கன்னத்தில் சின்ன வயதில் வந்த அம்மைத் தழும்பு நிலாவின் பள்ளம் மாதிரித் தெரிந்தது. அந்த ஃபைலை விண்ணப்பத்தில் ஏற்றப்போன இன்டர்நெட் கடைக்காரர் அரை மணி நேரம் போராடிவிட்டு, “சார், உங்க மூஞ்சியத் தாங்கல” என்றார். கம்ப்யூட்டரைத்தான் சொன்னார் என்று நம்ப விரும்புகிறேன்.

நாவலூரில் வேலை பார்க்கும் ஐ.டி. ஜோடி ஒன்று கல்யாணத்துக்கு முன் படம் எடுத்துக்கொள்ள வந்தது. ஏரிக்கரையில் நிற்க வைத்து பாய் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாய் இடமிருந்து வலமாக, எந்த அவசரமும் இல்லாமல் பின்னால் நடந்து போயிருக்கிறது. அது போன வேகமும் பாய் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு போன வேகமும் ஒன்றாக அமைந்துவிட்டன. ஒட்டிப் பார்த்தால் ஏழு கால்களுடன் ஒரு வேன் நீளத்துக்கு நாய் ஒன்று ஜோடியின் பின்னால் நிற்கிறது. அழித்துவிடுங்கள் என்று மாப்பிள்ளை கெஞ்சினார்.

“அது வந்திச்சி, நடந்திச்சி. நடந்ததை எப்டி சார் அழிக்கிறது?” என்று பாய் மறுத்துவிட்டார். வேறு நாளில் வேறு படம் எடுத்துக் கொடுத்தார். அந்த நாயைச் சட்டம் போட்டு ஸ்டுடியோவில் மாட்டிக்கொண்டார்.

இதில்தான் பாயின் விசித்திரம் இருக்கிறது. ஒட்டுகிற தொழில் செய்கிறவர், இல்லாததை ஒட்ட மாட்டார். சேலையூரிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் குடும்பத்தோடு வந்து, வெளிநாட்டில் இருக்கும் மகனின் படத்தைக் கொடுத்து, எங்களோடு இவனையும் சேர்த்துவிடுங்கள் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டார் பாய். அதற்குப் பதிலாக அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விடச் சொல்லி, அந்த வெற்றிடத்தை மட்டும் ஒன்பது துண்டுகளாக, அத்தனை மரியாதையோடு எடுத்தார். “புள்ள வந்தா சொல்லுங்கோ. அந்த எடத்துல நிக்க வெச்சி திரும்ப எடுக்கறேன்” என்றாராம். வாத்தியார் வெற்றிடத்தோடு வீட்டுக்குப் போனார்.

பாயின் இந்தக் கொள்கையை ஊரே கேலி செய்தபோது நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அது என் வீட்டு விஷயத்தில் குறுக்கே வந்து நிற்கும் என்று எனக்கென்ன தெரியும்?

விஷயம் இதுதான். எனக்கு மேடவாக்கத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். மூன்று வருடம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. தவறு முழுக்க என் பேனாவுடையது. அண்ணன் ரிட்டயர் ஆனதும் ஒரு கார் வாங்கினார். அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் அதை ரிவர்ஸ் எடுத்து நிறுத்த அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். வாட்ச்மேன் பின்னால் நின்று “வரலாம், வரலாம்” என்று கத்திக்கொண்டே இருப்பார். இதைப் பார்த்துவிட்டு, நான் வாரா வாரம் நகைச்சுவைப் பத்தி எழுதும் பத்திரிகையில் கட்டுரையாக்கினேன். அண்ணன் பெயரை மாற்றியிருந்தேன். காரின் நிறத்தை மாற்ற மறந்துவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அந்தக் குடியிருப்புக் குழந்தைகள் அண்ணனின் கார் தலை தெரிந்ததுமே ஒன்றாகக் கூடி “வரலாம், வரலாம்” என்று பாட ஆரம்பித்துவிட்டன. அண்ணன் எனக்குப் போன் செய்யவில்லை, திட்டவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

அம்மா ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. மாற்றிக்கொள்ளும் நாளில் அண்ணன் காரை என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி நிறுத்துவார். எல்லையில் கைதிகளை மாற்றிக்கொள்வது போல அம்மா பெட்டியோடு அந்த நான்கு வீட்டுத் தூரத்தை நடந்து கடப்பார்.

போன வருடம் அம்மாவுக்குக் கண்ணில் பிரச்சினை வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது, ஓரப் பார்வை இருக்கும், நடுப்பார்வை போகப்போகக் குறையும் என்றார் டாக்டர். அம்மா அதை இன்னும் தெளிவாகச் சொன்னார்.

“நடுவுல கரியை அப்பின மாதிரி இருக்குடா. உன்னைப் பார்த்தா ரெண்டு காதும் தெரியுது, மூக்கு தெரியல. அது ஒண்ணும் பெரிய நஷ்டமில்ல.”

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிற படம் ஒண்ணு எனக்கு வேணும். நல்லா செவுரு அளவுக்கு. கிட்டப் போய் ஓரமாப் பார்த்தா தெரியுது இன்னும். எவ்வளவு நாளைக்கோ.”

நாங்கள் இருவரும் சேர்ந்து இருக்கிற கடைசிப் படம் ஒரு கல்யாணத்தில் செல்போனில் எடுத்தது. அதைப் பெரிதாக்கியபோது அண்ணன் பதினாறு சதுரங்களாகவும் நான் பன்னிரண்டு சதுரங்களாகவும் ஆனோம். சுவர் அளவுக்குப் பெரிதாக்கியும் முகம் முகமாகவே இருக்க வேண்டுமென்றால் அதற்கு இந்தப் பக்கத்தில் ஒரே ஆள்தான். மாவு மில் மாடிப்படி ஏறினேன்.

அம்மாவின் கண்ணையும் எங்களுக்குள் பேச்சில்லாததையும் சொல்லி, பாயிடம் நான் வைத்த திட்டம் சாமர்த்தியமானது என்று அப்போது நினைத்தேன். நான் காலையில் வருகிறேன், அண்ணன் மாலையில் வருவார், நீங்கள்தான் ஒட்டுவதில் மன்னர் ஆயிற்றே, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள் என்றேன்.

பாய் லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “ஒங்க நிழலு மேற்க வுழும். அவரு நிழலு கெழக்க வுழும். நிழலுங்க கூட பேசிக்கலன்னு படத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடுமே சார்?”

அப்படியானால் பத்து நிமிட இடைவெளியில் என்று இறங்கி வந்தேன்.

“பத்து நிமிஷம்னா வெளிச்சம் ஒத்துக்கும். நான் ஒத்துக்க மாட்டேன். ஒரே நேரத்துல ஒரே எடத்துல இருந்ததைத்தான் ஒட்டுவேன். ஒங்க அண்ணன் நம்பரு குடுங்க.”

பாய் போனில் அண்ணனிடம் என்ன பேசி மயக்கினார் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். பிறகு அண்ணனே சொன்னார். மயக்கமெல்லாம் எதுவும் இல்லை. “ஒங்க ஒசரம் இன்னா சார்?” என்று கேட்டிருக்கிறார். அண்ணன் ஐந்து ஏழு என்றிருக்கிறார். “தம்பி அஞ்சு அஞ்சு. ரெண்டு இஞ்சுக்கு நான் பலகை கொண்டாறேன். ஒங்க அம்மாவுக்குக் கண்ணு கொஞ்சமாச்சும் தெரியறப்பவே எடுத்துடணும். ஞாயித்துக்கெழமை ஆறரைக்கு வந்துடுங்கோ” என்று வைத்துவிட்டார். மறுப்பதற்கு ஒரு வாக்கியம்கூட அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் தெருக் கோடியில், மைதானத்தின் ஓரமாக நிற்கும் தூங்குமூஞ்சி மரம். காற்றில்லாத நேரம் என்று பாய் தேர்ந்தெடுத்தது. அம்மாவுக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். படத்தில் நீங்களும் நிற்கலாமே என்று என் மனைவி கேட்டதற்கு, “என் மூஞ்சி எனக்குத் தெரியும்” என்று அம்மா சொல்லிவிட்டார்.

அண்ணனின் கார் வந்தது. மரத்தடியில் நிறுத்த வேண்டுமானால் ரிவர்ஸ்தான் எடுக்க வேண்டும். கார் பின்னோக்கி நகரத் தொடங்கியதும், கட்டுரையைப் பற்றி ஒன்றும் அறியாத பாய் ஓடிப்போய் காரின் பின்னால் நின்று, இரண்டு கையையும் ஆட்டி, வயிற்றிலிருந்து குரல் எடுத்து, “வரலாம் சார், வரலாம், வரலாம்” என்றார்.

என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கார் நின்றுவிட்டது. அப்படியே முன்னால் போய்விடும் என்று நினைத்தேன். நீண்ட யோசனைக்குப் பிறகு அது மறுபடி பின்னால் வந்தது. அண்ணன் இறங்கி, அம்மாவைப் பார்த்து, மரத்தைப் பார்த்து, என்னைப் பார்க்காமல் நின்றார்.

பாய் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். நான் பலகை மேல். நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றோம்.

“தோளு ஒட்டணும் சார். இந்த லென்ஸுக்கு ஒரே கோடுதான் தெளிவு. ஒருத்தர் முன்ன, ஒருத்தர் பின்னன்னா ஒருத்தரு மூஞ்சி கரைஞ்சி பூடும். அம்மா அப்புறம் யாரைப் பாப்பாங்கோ?”

தோள் ஒட்டியது. மூன்று வருடத்தில் முதல் தடவை. அண்ணன் அதே பவுடர்தான் இன்னும் போடுகிறார்.

“இப்போ மூச்சு மட்டும் வுடலாம். வேற எதுவும் கூடாது. அசையாதே.”

கிளிக். கிளிக். கிளிக். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருவரும் லென்ஸையே பார்த்தோம். ஒரு நிமிடம் போயிருக்கும். எறும்பு ஒன்று என் கணுக்காலில் ஏறி மேல்நோக்கிப் பயணத்தைத் தொடங்கியது. அப்போது உதடு அசையாமல், பல்லிடுக்கில், அண்ணன் குரல் வந்தது.

“அம்மாவுக்குச் சொட்டு மருந்து வேளைக்கு விடறியா?”

“விடறேன்ணா.”

கிளிக். கிளிக்.

“ஏண்டா அப்படி எழுதின?”

“அந்த வாரம் சிரிக்கிறதுக்கு எதுவும் கிடைக்கலண்ணா.”

“நான் கிடைச்சேன்.”

கிளிக். கிளிக். பாய் எங்கள் தலைக்கு மேலே எதையோ எடுத்துக்கொண்டிருந்தார்.

“எனக்குக் கழுத்து திரும்பாதுடா” என்றார் அண்ணன். “எலும்பு தேய்மானம். ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. பின்னாடி திரும்பிப் பார்க்க முடியாது, கண்ணாடியை வெச்சே எடுக்கணும். அதான் அவ்வளவு நேரம். உன் அண்ணியைத் தவிர யாருக்கும் சொல்லல.”

எறும்பு முழங்காலைத் தாண்டியிருந்தது. அது கடித்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. ஊரையே சிரிக்க வைத்துவிட்டேன் என்று நான் பெருமையோடு வெட்டி ஃபைலில் வைத்திருக்கிற அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக வந்து என் முன்னால் நின்றது.

“எனக்குத் தெரியாதுண்ணா. தப்பு என்னோடதுதான்.”

“தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டியா?”

உண்மையைச் சொல்வதா, நல்லதைச் சொல்வதா என்று ஒரு கிளிக் நேரம் யோசித்தேன்.

“எழுதியிருப்பேன்ணா. கழுத்தையும் சேர்த்து.”

என் தோளில் ஒட்டியிருந்த தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். திரும்பிப் பார்க்கவும் முடியாது. பிறகு மூக்கு வழியாக அடக்க முடியாமல் ஒரு சத்தம் வந்தது. சிறு வயதில் சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சிரிக்க வைத்து அடி வாங்க வைக்கும் அதே சத்தம்.

“தோளு ஆடுது சார், தோளு ஆடுது” என்றார் பாய், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்திருந்தால் இதில் ஒரு வார்த்தையும் நாங்கள் பேசியிருக்க மாட்டோம். நடுவில் எங்களில் யாராவது கிளம்பிப் போயிருப்போம். போக முடியவில்லை, அம்மாவின் படம் கெட்டுவிடும். எனவே நின்றோம். அண்ணனின் பேரன் பள்ளிக்கூடம், என் சர்க்கரை அளவு, அம்மா இரண்டு வீட்டிலும் மற்ற மருமகளின் சாம்பாரைப் புகழ்ந்து பேசும் ராஜதந்திரம் என்று மூன்று வருடத்துப் பாக்கி எல்லாம் பல்லிடுக்கு வழியாகவே வெளியே வந்தது. பன்னிரண்டு நிமிடம் என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

“முடிஞ்சிச்சு” என்றார் பாய். அண்ணன் கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்போடு சேர்ந்து திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை காலமும் அவர் அப்படித்தான் திரும்பியிருக்கிறார். நான்தான் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது மைதானத்துக்குள் தண்ணீர் லாரி ஒன்று வந்து வழியை அடைத்துக்கொண்டது. அண்ணன் மறுபடி ரிவர்ஸ் எடுக்க வேண்டியதாயிற்று. நான் காரின் பின்னால் போய் நின்றேன். கையை மட்டும் ஆட்டினேன். அண்ணன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

“வாயைத் திறந்து சொல்லுடா. கண்ணாடில கை தெரியல.”

“வரலாம்ணா,” என்றேன். “வரலாம்.”

இரண்டு வாரம் கழித்து, குட்டி யானை சரக்கு வண்டியில் படுக்கப் போட்டு, பாய் படத்தைக் கொண்டுவந்தார். ஃப்ளெக்ஸில் அடிக்க மறுத்துவிட்டார். அடித்தால் நாங்கள் காதுகுத்து விழா பேனர் போலிருப்போமாம். கேன்வாஸ் துணியில் அச்சடித்து, சட்டம் போட்டிருந்தார். ஹால் சுவரை அது முழுசாகப் பிடித்துக்கொண்டது. காலண்டரும் கடிகாரமும் சமையலறைக்குக் குடிபெயர்ந்தன. அண்ணனும் அன்றைக்கு வந்திருந்தார்; காரை எங்கள் வாசலிலேயே நிறுத்தியிருந்தார்.

அம்மா எழுந்து போய், படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, காக்கை பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டார். அண்ணனின் நெற்றியில் ஆரம்பித்து மெல்ல நகர்ந்தார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

“பெரியவனுக்குப் புருவம் கூட நரைச்சுப்போச்சே” என்றார் அம்மா. பிறகு என் பக்கம் வந்தார். விரலை வைத்தார். “மூக்கு இருக்கு.”

அதன்பின் இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றி ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“ஏன்டா, அன்னிக்கு நான் காதால கேட்டேனே. நீங்க பாட்டுக்குப் பேசிட்டே இருந்தீங்க. இதுல ரெண்டு பேரும் வாயை இறுக்கி மூடிட்டு நிக்கறீங்க?”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பாயைப் பார்த்தேன். அவர் படம் கட்டி வந்த கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“மூஞ்சிங்க மொத நிமிஷத்துலயே முடிஞ்சிச்சும்மா. எப்பவும் மூஞ்சிதான் மொதல்ல. அப்புறம் ஒடம்பு. அப்புறம்தான் மரம்.”

“அப்போ மீதி பதினோரு நிமிஷம் எங்களை எதுக்கு அசையாதேன்னு நிக்க வெச்சீங்க?” என்று கேட்டேன்.

பாய் கயிற்றின் முனையை முடிச்சுப் போட்டுப் பையில் வைத்தார். “மரம் பெருசு சார்” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அம்மா இங்கே இருக்கும் மாதங்களில் தினமும் காலையில் காபி டம்ளரோடு அந்தப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து நிற்கிறார். நானும் சில நாள் பக்கத்தில் போய் நிற்பதுண்டு. எங்கள் இருவரின் தலைக்கு மேலே இரண்டு சாண் உயரத்தோடு படம் முடிந்துவிடுகிறது. பதினோரு நிமிடம் எடுத்த மரத்தில் அடிப்பகுதி மட்டும்தான் இருக்கிறது. ஒரு கிளைகூட இல்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது மாவு மில்லுக்குப் போகிறேன். மாடியைப் பார்க்கிறேன். அதைப் பற்றி பாயிடம் இன்றுவரை நான் ஒன்றும் கேட்டதில்லை, கேட்கப்போவதுமில்லை.